கொடை நோட்டீசிலிருந்து பிளேலிஸ்ட் வரை: பேர் தெரியாத இசைக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் முறை

யூடியூபில் ‘புதுப் பாட்டு’ என்று தேடினால், ஏற்கெனவே ஊரே கேட்டு முடித்ததுதான் மேலே வரும். நேற்று நாம் கேட்டதைப் பார்த்துத்தான் ஆப் இன்றைக்கும் பரிமாறும். கேள்விப்படாத ஒருவரைப் பிடிக்க முதலில் கையில் ஒரு பேர் வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் அந்தப் பேர்கள் இணையத்தில் இருப்பதைவிட டீக்கடைச் சுவரில் ஒட்டிய கொடை (ஊர்க்கோயில் திருவிழா) நோட்டீசில்தான் அதிகம்.

படி 1: நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பேர், ஊர், கருவி, கேட்ட இடம், தேதி என்று ஐந்து கட்டம் போடுங்கள். ஊரை விட்டுவிடாதீர்கள். இசக்கி, மாரி, முத்து என்று தொடங்கும் பேர் இங்கே தெருவுக்கு நாலு. ஊர் இல்லாத பேரை வைத்துக்கொண்டு பிறகு ஒன்றும் தேட முடியாது.

படி 2: கொடை நோட்டீஸ்

திருவிழாக் காலத்தைப் பங்குனி உத்திரத்தில் சாஸ்தா கோயில்கள் தொடங்கிவைக்கும். சித்திரை முதல் ஆவணி வரை சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கொடைகள் வரிசையாக வரும். நோட்டீசை மேலிருந்து கீழ்வரை முழுதாகப் படம் எடுங்கள். வில்லிசை, நையாண்டி மேளம், கணியான் கூத்து ஆகியவற்றின் நேரமும் குழுவின் ஊரும் பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலில்தான் இருக்கும். வரி கட்டியவர் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவைப்பவர்களே அதிகம்!

நோட்டீசில் வருவது தலைமைப் பாடகர் பேர் மட்டும். மற்றவர்களெல்லாம் ‘குழுவினர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். குடம் அடிப்பவர், உடுக்கைக்காரர், பின்பாட்டு எல்லாம் அதற்குள்தான். ஆகவே நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வில்லில் மணி கட்டி, குடத்தைப் பொருத்தும் நேரத்தில் கேட்டால் பேரும் ஊரும் சொல்வார்கள். நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை நெருங்கிய பிறகு யாரிடமும் பேச முடியாது.

கணியான் கூத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாடுபவர் அண்ணாவி. அவருக்குப் பக்கத்தில் மகுடம் என்ற தோல்கருவியை அடிப்பவர்கள் இருவர். ஒரு மகுடம் உச்சம், மற்றது மந்தம். இரண்டையும் ஒரே கருவி என்று எழுதிவிட்டால் யார் எதை அடித்தார் என்பது பிறகு தெரியாது.

படி 3: பதிவு

குழுவிடமும் கோயில் நிர்வாகத்திடமும் கேட்டுவிட்டே போனை எடுங்கள். சாமி வந்து ஆடும்போது நிறுத்திவிடுங்கள்.

குழாய் ஸ்பீக்கர் முன்னால் நின்று எடுத்தால் இரண்டு விதத்தில் கெடும். ஒன்று, சத்தம் போன் மைக்கின் அளவைத் தாண்டி கரகரவென்று பிளந்துபோகும். இதை எந்த ஆப்பாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. இரண்டு, அந்தக் குழாய் தாழ்ந்த ஒலியைச் சரியாகக் கடத்தாது. குடத்தின் கும்மென்ற அடி காணாமல்போய் வில்மணி மட்டும் காதைத் துளைக்கும். மேடைக்குப் பக்கவாட்டில் 10, 15 அடி தள்ளி, ரேடியோ செட்காரர் பாக்ஸ் அடுக்கியிராத பக்கமாக நில்லுங்கள். முதலில் ஒரு நிமிடம் எடுத்துக் கேட்டுப் பாருங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடாவிட்டால் நடுவில் ஒரு அழைப்பு வந்து பதிவை அறுத்துவிடலாம். வேவ் வடிவத்தில் ஸ்டீரியோவாக எடுத்தால் மணிக்குச் சுமார் 600 எம்பி பிடிக்கும்.

பாட்டைக் கேட்டு அதன் பேரைச் சொல்லும் ஷசாம் ஆப்பைத் திறந்து நீட்டிப் பயனில்லை. அது ஏற்கெனவே வெளியான ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுத்தான் பேர் சொல்லும். மேடையில் அன்றைக்குப் பாடியது அதன் கணக்கில் இருக்காது.

படி 4: இணையத் தேடல்

இப்போதுதான் யூடியூப். வில்லிசை வீடியோக்களை ஏற்றுபவர்கள் பெரும்பாலும் வீடியோ எடுத்தவர்கள்; தலைப்பில் கலைஞர் பேர் இருக்காது, கோயிலும் ஊரும்தான் இருக்கும். அதனால் பேரைப் போட்டு வராவிட்டால் ஊர்ப்பேரும் ‘கொடை’யும் சேர்த்துத் தேடுங்கள். ‘வில்லிசை’, ‘வில்லுப்பாட்டு’ இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். ‘கணியான் கூத்து’க்கு ‘மகுடாட்டம்’ என்றும் பேர் உண்டு. வடிகட்டியில் 20 நிமிடத்துக்கு மேல் என்று வையுங்கள். துண்டு வீடியோக்கள் ஒழிந்துபோகும்.

சொந்தமாகப் பாட்டு எழுதி வெளியிடுபவர்களைத் தேட வழி வேறு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டின் மூன்று புள்ளியை அழுத்தி, பாட்டில் பங்கெடுத்தவர்கள் பேர் உள்ள கிரெடிட்ஸ் பகுதியைப் பாருங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பேரும் அடுத்த வீட்டுக்கு வாசல். பழகிப் பார்க்க ஒரு சங்கிலி: ‘குரங்கன்’ என்ற இசைக்குழுவில் தொடங்கினால் அதன் இசைக்கலைஞர்கள் கபேர் வாசுகியும் தென்மாவும் வருவார்கள். தென்மாவைப் பிடித்தால் 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு வரும். இவர்கள் அறியப்படாதவர்கள் அல்ல. ஆனால் அந்தக் குழுவில் பாடிய, வாசித்த ஒவ்வொருவரையும் தனியாகத் தேடினால் இரண்டாவது, மூன்றாவது தாவலில் புதிய ஆட்கள் கிடைப்பார்கள்.

திருநெல்வேலி வானொலியையும் விட வேண்டாம். பாடகர் பேரோடு பக்கவாத்தியக்காரர் பேரையும் வாசிப்பார்கள். பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு கேளுங்கள்.

படி 5: காசு

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் அதற்குப் பதிவு ராயல்டி கிடையாது. 2024 முதல் இதுதான் விதி. சிறிய ஆட்களுக்கு நாம் இரண்டு தடவை கேட்பதால் ஒன்றும் போய்ச் சேராது. கலைஞர்களே பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்பில் டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் தளம் வழக்கமாக எடுத்துக்கொள்வது 15 சதவீதம். பணம் போகவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியிருப்பதுதான். வங்கி ஆப்பில் திறந்துவிட்டு, வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். கொடையில் அன்பளிப்பு கொடுத்தால் மைக்கில் உங்கள் பேர் வரும். குடக்காரருக்கென்று கொடுப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.

படி 6: ஏற்றும்போது

அனுமதியோடு பதிவை ஏற்றுகிறீர்கள் என்றால், கலைஞர்கள் சம்மதித்த பேர்களை மட்டும் கருவியோடும் ஊரோடும் விளக்கப் பகுதியில் எழுதுங்கள். குடக்காரர் பேரையும் உடுக்கைக்காரர் பேரையும் அதில் சேருங்கள். அடுத்த கொடைக்கு ஆள் தேடும் ஊர்க்காரர் தட்டினால் அந்தப் பேர் வரட்டும்.