ஃபேமிலி ட்ரஸ்ட்ல பிள்ளைங்க பேர் இருக்கா? வாடகை நோட்டை இப்பவே கையில குடுங்க

ஃபேமிலி ட்ரஸ்ட் (குடும்பச் சொத்தைப் பிள்ளைங்களுக்காக ஒருத்தர் பொறுப்புல விட்டு எழுதி வைக்கிற ஏற்பாடு) எழுதி வச்சிருக்கவங்க பெரும்பாலும் பசங்ககிட்ட மூச்சு விடுறதே இல்ல, காசு இருக்குன்னு தெரிஞ்சா படிக்க மாட்டான்னு பயம், நியாயமான பயம்தான், ஆனா 25 வயசுல திடீர்னு மொத்தமா கையில வந்தா என்ன பண்ணுவான்னு யோசிங்க. எங்க சொந்தத்துலயே ஒரு தம்பிக்கு அப்படி வந்துச்சு, காரு, தெரிஞ்சவன் பிசினஸ்னு ரெண்டே வருஷத்துல பாதி போயிடுச்சு, அவனைத் திட்டி என்ன பிரயோஜனம், யாருமே சொல்லித் தரலையே.

அதனால எங்க பையன் பத்தாவது முடிச்சதும் ட்ரஸ்ட்ல இருக்க ஒரே ஒரு கடையோட வாடகை நோட்டை அவன்கிட்ட குடுத்துட்டோம். வாடகை எவ்ளோ வந்துச்சு, சொத்து வரி எவ்ளோ, மோட்டார் ரிப்பேருக்கு எவ்ளோ போச்சு, எல்லாம் அவனே எழுதணும். வருஷக் கடைசியில கையில நின்னதைப் பாத்து "இவ்ளோதானாப்பா?"ன்னு கேட்டான்.

ஆடிட்டரோட உக்கார வச்சு ட்ரஸ்ட் பத்திரத்தையும் ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க, ட்ரஸ்டி (சொத்தைப் பாத்துக்குறவர்) யாரு, எந்த வயசுல எது வரும், எதுக்கெல்லாம் பணம் எடுக்கலாம்னு. 1882 இந்திய ட்ரஸ்ட் சட்டம் 57வது பிரிவுப்படி பத்திரம், கணக்கு ரெண்டையும் பாத்து நகல் எடுக்குற உரிமை பயனாளிக்கு, அதாவது யாருக்காக ட்ரஸ்ட் எழுதினோமோ அவங்களுக்கு, இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாது. புதுசா எழுதுறவங்க 21, 25, 30 வயசுன்னு பிரிச்சுக் குடுக்கலாமான்னு வக்கீல்கிட்ட இப்பவே கேட்டுக்கோங்க, பின்னாடி மாத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல.