கோமா கொத்தில் எந்த கேலக்ஸிகளில் இன்னும் விண்மீன்கள் பிறக்கின்றன? வைஸ் தரவில் நீங்களே பார்க்கலாம்

கோமா என்ற கேலக்ஸிக் கொத்தைச் சாதாரணப் படத்தில் பார்த்தால் நடுவில் மஞ்சளாக, வயதான கேலக்ஸிகள்தான் அதிகம் தெரியும். புது விண்மீன்கள் பிறப்பது தூசுக்குள்ளே. அந்தத் தூசு அவற்றின் புற ஊதா ஒளியை விழுங்கி அகச்சிவப்பில் வெளியிடுகிறது, அதனால் தேடவேண்டிய இடம் 22 மைக்ரான் அலைநீளம். ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் 24 மைக்ரான் படங்கள் இதைவிடக் கூர்மையானவை, ஆனால் வானத்தில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். புதிதாக வருபவர்கள் 2010-ல் முழு வானத்தையும் நான்கு பட்டைகளில் (3.4, 4.6, 12, 22 மைக்ரான்) எடுத்த வைஸ் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியிலிருந்தே தொடங்கலாம்.

படி 1. நாசாவின் அகச்சிவப்புத் தரவுக் காப்பகமான இர்சா தளத்தில் ஆல்வைஸ் (வைஸ் கண்ட பொருட்களின்) அட்டவணையைத் திறந்து, மையம் 194.95, 27.98 பாகை, ஆரம் 1.5 பாகை என்று கொடுங்கள். ஏகப்பட்ட வரிசைகள் வரும், பெரும்பாலும் நம் ஊர் விண்மீன்களும் தொலைதூர கேலக்ஸிகளும்தான்.

படி 2. கொத்தின் உறுப்பினர்களைப் பிரிக்க ஸ்லோன் என்ற வான் சர்வேயின் நிறமாலை சிவப்புப்பெயர்ச்சியை (தொலைவைக் காட்டும் எண்) எடுங்கள். கோமாவின் மதிப்பு 0.023, ஆகவே 0.013 முதல் 0.033 வரை போதும். நிறத்தை வைத்து ஊகித்த சிவப்புப்பெயர்ச்சி இங்கே வேண்டவே வேண்டாம், அதன் பிழையே கொத்தின் அகலத்துக்குச் சமமாக இருக்கும். இரண்டு அட்டவணைகளையும் 3 விகலை (ஆர்க்செகண்ட்) இடைவெளிக்குள் பொருத்தவும். பைத்தானிலும் செய்யலாம்தான், ஆனால் என் ஓட்டு டாப்கேட் என்ற அட்டவணை மென்பொருளுக்கு: பொருத்தியது சரியா என்று அங்கேயே வரைந்து பார்த்துவிடலாம்.

படி 3. இங்கேதான் வழுக்கும். 22 மைக்ரான் மேக்னிட்யூட் (பிரகாச எண், குறைந்தால் பிரகாசம் அதிகம்) நெடுவரிசையில் கிட்டத்தட்ட எல்லா கேலக்ஸிக்கும் ஓர் எண் இருக்கும். அப்பாடா, எல்லாம் தெரிகிறது என்று அடுத்த படிக்கு ஓடவேண்டாம். பக்கத்திலுள்ள பிழை நெடுவரிசையைப் பாருங்கள், அது காலியாக இருந்தால் அந்த மேக்னிட்யூட் அளவீடே இல்லை, 'இதைவிடப் பிரகாசமாக இருக்க வாய்ப்பில்லை' என்று 95 சதவீத உறுதியோடு சொல்லும் மேல்வரம்பு மட்டும்தான். தர நெடுவரிசையில் 22 மைக்ரானுக்கான நான்காவது எழுத்திலும் யு என்று இருக்கும். கோமா மாதிரி அடங்கிப்போன கொத்தில் பெரும்பாலான உறுப்பினர்கள் இந்த வகை. இவற்றை அளவீடாக எண்ணினால், செத்துப்போன கொத்து ஜோராக விண்மீன் பெற்றுக்கொண்டிருப்பதாக முடிவு வரும்! அதற்காக அந்த வரிசைகளை அழித்தும் விடாதீர்கள், பின்னால் விகிதம் போடும்போது கீழே வரும் மொத்த எண்ணிக்கையில் அவையும் வேண்டும். தர எழுத்து ஏ, பி மட்டும் கண்டறிதல், சி-யை நான் நம்புவதில்லை.

படி 4. வைஸ் மேக்னிட்யூட் வேகா முறையில் (வேகா விண்மீனை அடிப்படையாக வைத்து) இருக்கிறது. 8.363 ஜான்ஸ்கியை 10-இன் அடுக்கு (−மேக்னிட்யூட்/2.5) ஆல் பெருக்கினால் பாயம் (நம்மை வந்தடையும் ஒளியின் அளவு, அலகு ஜான்ஸ்கி) வரும். மேக்னிட்யூட் 6 என்றால் சுமார் 33 மில்லிஜான்ஸ்கி. கோமாவின் 100 மெகாபார்செக் தொலைவுக்கு ஒளிர்வாக மாற்றி, அதிர்வெண்ணாலும் பெருக்கினால், ஏறக்குறைய 140 கோடி சூரிய ஒளிர்வு. அப்புறம் கிளூவர் குழுவின் 2017 சமன்பாடு: விண்மீன் பிறப்பு வீதத்தின் லாக் = 0.915 × ஒளிர்வின் லாக் − 8.01. இந்த கேலக்ஸிக்கு ஆண்டுக்கு இரண்டு சூரிய நிறை சொச்சம்.

படி 5. ஆண்டுக்கு 1 சூரிய நிறைக்கு மேல் என்று கோடு போடுங்கள். இது சுமார் 13 மில்லிஜான்ஸ்கி, வைஸ் கண்டறியும் வழக்கமான எல்லையான 6 மில்லிஜான்ஸ்கிக்கு நன்றாக மேலே. இனி மையத்திலிருந்து வளையம் வளையமாக, கோட்டைத் தாண்டியவை எத்தனை சதவீதம் என்று வரையுங்கள். உள்ளே போகப்போக அது சரியும். கொத்தின் சூடான வாயு, பாய்ந்து வரும் கேலக்ஸிகளின் வாயுவை உரித்துவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பின்சேர்க்கை: பெரிய சுருள் கேலக்ஸிகளுக்கு வீதம் குறைவாக வருகிறதென்று கருத்துகளில் கேட்டிருந்தீர்கள். வழக்கமான மேக்னிட்யூட் புள்ளி மூலங்களுக்கானது. பொருள் புள்ளியாக இல்லாமல் விரிந்திருப்பதைக் காட்டும் விரிவுக் குறி 5 என்றிருந்தால் நீள்வட்ட அளவீட்டு நெடுவரிசையை எடுங்கள்.

இன்னொன்று: 3.4 மைக்ரானுக்கும் 4.6 மைக்ரானுக்கும் உள்ள மேக்னிட்யூட் வேறுபாடு 0.8-ஐத் தாண்டினால் சூடாக்குவது கருந்துளையாக இருக்கலாம், விலக்கிவிடுங்கள். 4.6-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாடு 2-க்குக் கீழே இருந்தால் 22-இல் தெரிவது பெரும்பாலும் வயதான விண்மீன்களைச் சுற்றிய தூசு, அதைப் பிறப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.