செல்லப்பிராணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாய் ஏத்துவீங்களாண்ணா? எவ்வளவு ஆகும்?" சென்னையில் பெட் டாக்ஸிக்குப் போன் போடுகிற பலர் இந்த இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏற்றுகிறேன் என்கிறார், ரேட்டும் கட்டுப்படியாகிறது, சரி, வரச்சொல்லிவிடுகிறார்கள். வண்டிக்குள் எந்த இடத்தில் ஏற்றுவார் என்று கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஆம்னி, ஈகோ மாதிரி வண்டிகளில் பின்சீட்டை எடுத்துவிட்டுக் கூண்டு வைத்திருப்பார்கள். ஏசி இருக்கிறதா என்றால் இருக்கிறது என்பார்கள். பல வண்டிகளில் அந்தக் குளிர் முன்சீட்டோடு சரி, கூண்டுவரை போய்ச் சேராது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதன் இயல்பான உடல் வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 105-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், ஷிட்சு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் பெர்ஷியன் பூனைக்கும் மூச்சுவழி குறுகல் என்பதால் அவை இன்னும் சீக்கிரம் தவித்துப்போகும். கத்திரி வெயிலில் அண்ணா சாலை சிக்னலில் நிற்கிற வண்டியின் பின்பக்கம் என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏசியைப் போடச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கூண்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். அங்கே காற்று வரவில்லையென்றால் அந்த வண்டி வேண்டாம். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், பயத்தில் அப்படிச் செய்கிறது என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவர் கவனிக்க வேண்டிய அறிகுறி அது.

அடுத்தது சுத்தம். இதைத்தான் யாரும் கேட்பதே இல்லை. உங்கள் குட்டிக்கு முன்னால் அதே சீட்டில் பார்வோ (நாய்க்குட்டிகளைத் தாக்கும் கொடிய வயிற்றுப்போக்கு நோய்) வந்த குட்டி ஒன்று வாந்தி எடுத்திருக்கலாம். பார்வோ வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். "பினாயில் போட்டுக் கழுவிடுவோம் சார்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். பார்வோவை அழிக்க பினாயில் போதாது; சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) கரைசலைத் தெளித்து, பத்து நிமிடமாவது ஈரமாக விட்டுப் பிறகு துடைக்க வேண்டும். பூனைக்கோ பினாயில் வகைகளே விஷம். காலில் ஒட்டியதை நக்கியே உள்ளே இழுத்துக்கொள்ளும். தடுப்பூசி முடியாத குட்டியை வண்டித் தரையில் விடாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன துணியை விரித்து மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சீட் இடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். அதன் மூலம் வருகிற காய்ச்சலும் ரத்தசோகையும் இந்த ஊர் நாய்களைப் பாடாய்ப் படுத்துகின்றன.

பூனையைக் கையில் பிடித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறுவது இன்னொரு பெரிய தவறு. பஸ் ஹாரன் ஒன்று போதும், பிடியிலிருந்து நழுவிவிடும். பக்கங்கள் திறந்த வண்டி. குதித்தால் எங்கே தேடுவீர்கள்? பூட்டுகிற கெட்டியான பெட்டி இல்லாமல் பூனை வெளியே வரவே கூடாது. நாயென்றால் சீட் பெல்ட்டைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல், மார்பைச் சுற்றும் ஹார்னஸில் மாட்டுங்கள். கழுத்துப்பட்டையில் மாட்டினால் திடீர் பிரேக்கில் கழுத்து இறுகும். இறங்கும் நேரத்தில்தான் நாய் தப்பி ஓடும் வாய்ப்பு அதிகம். உதவி செய்கிறேன் என்று டிரைவர் கதவைத் திறப்பார், நாய் ரோட்டில் பாய்ந்துவிடும். கயிறு உங்கள் கைக்கு வந்த பிறகுதான் கதவு திறக்க வேண்டும் என்று ஏறும்போதே சொல்லிவையுங்கள். அனுபவமுள்ள டிரைவர் என்றால் அதை அவரே சொல்வார். ஆளை எடைபோட எனக்கு அதுவே போதும்.

திரும்பி வருவதைப் பற்றி யோசிக்காமல் ஒருவழிக்கு மட்டும் பேசிவிடுகிறார்கள். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வருவதால் காத்திருப்பு நீளும். அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் முழுதாகத் தெளியாத நாயோடு ரோட்டில் நின்று வேறு வண்டி தேடுவது பெரிய கொடுமை. வெயிட்டிங் சார்ஜ் எவ்வளவு, நடுவில் வேறு சவாரிக்குப் போய்விடுவாரா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மஞ்சள் போர்டு வண்டியா என்றும் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டி வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும்.

மழைக்காலத்தில் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் தண்ணீர் நின்றுவிடும். எந்த வழியாகப் போவார் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

வண்டியில் ரகளை பண்ணுகிறது என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். மயக்க மருந்து தேவையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வேலை இருக்கிறது என்று பிராணியை டிரைவரோடு தனியாக அனுப்புவதும் சரியில்லை. எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, மலம் என்ன நிறத்தில் போனது என்று மருத்துவர் கேட்டால் டிரைவர் என்ன சொல்வார்? வேறு வழியே இல்லையென்றால் அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தடுப்பூசி அட்டையோடு கொடுத்தனுப்புங்கள். சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்டு மருத்துவர் அழைத்தால் போனை எடுக்கும்படி இருங்கள்.

இவ்வளவும் நிதானமாகக் கூட்டிப்போகும் நாளுக்குத்தான். பெரிய நாய்க்கு வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரிக்கிறது, ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை, பாம்பு கடித்துவிட்டது. அப்போது பெட் டாக்ஸிக்குக் காத்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் காரோ ஆட்டோவோ, கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். போகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இந்த நேரத்தில் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரியில் திறந்திருக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளின் எண்களை இன்றைக்கே போனில் போட்டுவையுங்கள்.