கிழக்கு–மேற்கு நாவல்களை எப்படி வாசிப்பது?

கிழக்கும் மேற்கும் முட்டிக்கொள்ளும் நாவலை எடுத்தவுடன் எந்தப் பக்கம் நியாயம் என்று தேடாதீர்கள். யார் பேசுகிறார், யாருடைய பேச்சு நம் காதுக்கு வரவே இல்லை என்று முதலில் பாருங்கள். எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

பழகுவதற்குப் பாகிஸ்தான் எழுத்தாளர் மொஹ்சின் ஹமீதின் ‘தி ரிலக்டன்ட் ஃபண்டமென்டலிஸ்ட்’ (2007) நல்ல நாவல். சின்னது, ஓரிரு நாளில் முடித்துவிடலாம். லாகூரின் பழைய அனார்கலியில் ஒரு டீக்கடை. சங்கேஸ் என்ற பாகிஸ்தான் இளைஞன் ஓர் அமெரிக்கனிடம் தன் கதையைச் சொல்கிறான். அமெரிக்கன் நேராக ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவன் என்ன கேட்டான், எதற்குத் திடுக்கிட்டான் என்பதெல்லாம் சங்கேஸ் வாய்வழியாகத்தான் வரும். கிழக்கத்தியன் வாய்மூடி நிற்கும் எத்தனையோ நாவல்களுக்குப் பிறகு, இங்கே வாயடைத்து உட்கார்ந்திருப்பவன் மேற்கத்தியன்.

பென்சிலை எடுத்து, அமெரிக்கனின் அசைவு வரும் இடங்களில் ஓரத்தில் கோடு போடுங்கள். அவன் உளவாளியா, சாதாரணப் பயணியா என்று நாவல் கடைசிவரை சொல்லாது. நீங்கள் எதை வைத்து அவனைச் சந்தேகப்பட்டீர்கள், எந்த இடத்திலிருந்து சங்கேஸையே சந்தேகப்பட்டீர்கள் என்பதை அந்தக் கோடுகள் சொல்லிவிடும்.

சங்கேஸ் சொல்லும் கதையில் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா வரும் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள். தான் வேலை பார்க்கும் நியூயார்க் கம்பெனியின் வேலையாக சங்கேஸ் அங்கே காரில் போகிறான். ஜீப்னி என்ற அந்த ஊர் சிறு பேருந்தின் ஓட்டுநர் ஒருவர் அவனை வெறுப்போடு முறைக்கிறார். சங்கேஸ் திரும்பி, கூட வந்த அமெரிக்க ஊழியரைப் பார்க்கிறான். அவர்தான் அந்நியராகத் தெரிகிறார். அந்தக் காருக்குள் நடப்பதை எந்த அரசியல் கட்டுரையாலும் காட்ட முடியாது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, எழுத்தாளரை அவர் நாட்டின் பிரதிநிதியாக்கிவிடாதீர்கள். சங்கேஸைப் போலவே ஹமீதும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர், எழுதியது ஆங்கிலத்தில்.

அப்புறம் துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’. ஜி. குப்புசாமி மொழிபெயர்ப்பில் தமிழிலேயே கிடைக்கிறது. 1591ஆம் ஆண்டு இஸ்தான்புல். ஏடுகளில் சிறு ஓவியங்கள் வரையும் நுண்ணோவியர்களுக்குள், இத்தாலியின் வெனிஸ் பாணியில் கண்ணுக்குத் தெரிகிறபடியே வரையலாமா என்று தகராறு. கொலை வரை போகிறது. இதில் ஓவியத்து மரம் ஒன்று தானே பேசும். வெனிஸ்காரர்களைப் போலத் தன்னை வரையாததற்கு நன்றி சொல்கிறது; நிஜ மரமென்று நினைத்து ஊர் நாயெல்லாம் தன்மேல் மூத்திரம் பெய்துவிடும் என்ற பயத்தால் அல்ல, மரமாக இல்லாமல் மரத்தின் அர்த்தமாக இருக்கவே தனக்கு விருப்பம் என்கிறது. சிரித்துவிட்டுக் கடந்துபோகாமல் அந்த அத்தியாயத்தில் நிதானியுங்கள். நாவலின் மொத்தச் சண்டையும் அங்கே இருக்கிறது.