உடல்நலக் கொடுப்பனவும் 'வீட்டிலிருந்தே வேலை' என்ற பேச்சும்: பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

முதலில் உங்கள் ஈ-வீசாவைத் திறந்து பாருங்கள். 'பொது நிதி இல்லை' (அரச உதவிப் பணம் பெற முடியாது) என்ற நிபந்தனை அதில் இருந்தால் யுனிவர்சல் கிரெடிட்டுக்கோ (வருமானம் குறைந்தவர்களுக்கான மாதாந்த அரச உதவி) பிப் கொடுப்பனவுக்கோ (நீண்டகால நோயோ மாற்றுத்திறனோ உள்ளவர்களுக்கானது) விண்ணப்பிக்க வேண்டாம். பணம் கிடைக்காது என்பதோடு, வீசா நிபந்தனையை மீறியதாகவும் ஆகலாம். துணைவர் வீசாவில் வந்தவர்களும் வேலை வீசாவில் வந்தவர்களும் பெரும்பாலும் இந்த நிபந்தனைக்குள்தான் இருக்கிறார்கள். ஆனால் வேலை வீசாவில் சில வருடம் நெஷனல் இன்சூரன்ஸ் (வருமானத்திலிருந்து கட்டும் சமூகக் காப்புறுதி) கட்டிவிட்டு நோயில் விழுந்தவர்களுக்கு 'நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ' என்ற நோய்க்காலக் கொடுப்பனவு இருக்கிறது. அது நீங்கள் கட்டிய பணத்தின் அடிப்படையில் வருவது, பொது நிதிக் கணக்கில் சேராது. பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கு யுனிவர்சல் கிரெடிட்டும் பிப்பும் இரண்டுமே திறந்திருக்கின்றன.

இனி, வட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளுக்கு வருவோம். "நடக்க முடியாதவர்களும் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டுமாம், காசை நிறுத்தப் போகிறார்களாம்" என்ற பேச்சு 2023இல் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 5 முதல் ஒக்டோபர் 30 வரை அப்போதைய அரசு ஒரு பொதுக் கருத்துக் கேட்பை நடத்தியது. கொவிட்டுக்குப் பிறகு வீட்டிலிருந்து செய்யும் வேலைகள் பெருகிவிட்டன, ஆகவே வேலைத்திறன் மதிப்பீட்டில் (நோய் ஒருவரின் வேலை செய்யும் திறனை எவ்வளவு குறைக்கிறது என்று அரசு பார்க்கும் சோதனை) நடமாட்டம், சிறுநீர்–மலக் கட்டுப்பாடு, மனிதரோடு பழகுதல், வெளியே தனியாகச் செல்லுதல் ஆகியவற்றுக்குரிய அளவுகோல்களை நீக்கலாம் அல்லது இறுக்கலாம் என்பது அதன் வாதம். வேலைக்குக் கட்டாயப்படுத்தினால் பெரிய ஆபத்து வரக்கூடியவர்களைக் காக்கும் 'கணிசமான ஆபத்து' விதியிலும் கை வைக்கப் பார்த்தார்கள். மாற்றுத்திறனாளர் உரிமைச் செயற்பாட்டாளர் எலன் கிளிஃபோர்ட் வழக்குத் தொடர்ந்தார். அந்தக் கருத்துக் கேட்பு மக்களைத் தவறாக வழிநடத்தியது, சட்டவிரோதமானது என்று உயர் நீதிமன்றம் 2025 ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்தது. அந்த மாற்றங்கள் நடைமுறைக்கு வரவே இல்லை. ஆகவே நடமாட்டத்தை அளக்கும் 50 மீட்டர் விதி இன்றும் 50 மீட்டர் விதிதான்.

மாறியது வேறொன்று. 2025ஆம் ஆண்டின் யுனிவர்சல் கிரெடிட் சட்டப்படி, 2026 ஏப்ரல் 6 முதல், யுனிவர்சல் கிரெடிட்டோடு சேர்த்துத் தரும் உடல்நலக் கூடுதல் தொகையைப் புதிதாகப் பெறுபவர்களுக்கு அது மாதம் 217.26 பவுண். அதற்கு முன்பே பெற்றுவந்தவர்களுக்கு ஏறக்குறைய அதன் இரு மடங்கு. மரணத் தறுவாயில் இருப்பவர்களும் 'கடும் நோய்' வரையறைக்குள் வருபவர்களும் புதியவர்களானாலும் கூடிய தொகையையே பெறுவார்கள். இந்த வரையறையில் இந்நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களைப் பாதிக்கும் ஒரு வரி இருக்கிறது: நோய் இங்குள்ள அரச மருத்துவச் சேவையான என்எச்எஸ் வழியே கண்டறியப்பட்டிருக்க வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் அறிக்கையோ சென்னையில் எடுத்த ஸ்கேனோ தனியாக நின்றால் போதாது. ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) பதிந்ததும் அவற்றைக் காட்டி, இங்குள்ள நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். காத்திருப்பு நீளமானது, அதனால் இதை முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

நடைமுறை இப்படிப் போகும். யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கும் அன்றே உடல்நலப் பிரச்சினையைப் பதிவு செய்யுங்கள். முதல் 7 நாளுக்குச் சான்று தேவையில்லை, அதன்பின் ஃபிட் நோட் (வேலை செய்ய முடியாத நிலையைச் சொல்லும் மருத்துவச் சான்று) வேண்டும். 2022 ஜூலை முதல் மருத்துவர் மட்டுமன்றித் தாதியர், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளர் ஆகியோரும் இதைத் தரலாம். கூடுதல் தொகைக்கான மூன்று மாதக் காத்திருப்புக் காலம் இந்தச் சான்றைக் கொடுக்கும் நாளிலிருந்து எண்ணப்படுவதால், ஃபிட் நோட்டைத் தாமதித்தால் பணமும் தாமதிக்கும். தீர்மானம் வரும்வரை நோட்டுகளுக்கு இடையே இடைவெளி விழ விடாதீர்கள். ஒன்று முடிய ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததைக் கேளுங்கள்.

பின்னர் வேலைத்திறன் மதிப்பீட்டுக்காக யுசி50 என்று பலரும் சொல்லும் கேள்வித்தாள் வரும். பெரும்பாலானோர் தோற்பது இங்கேதான். காரணம் நோய் போதாதது அல்ல, எழுதிய விதம். "முதுகு வலி, நடக்கக் கஷ்டம்" என்று எழுதினால் அதில் அளவு எதுவும் இல்லை. அளவுகோலோ 50 மீட்டருக்கு மேல் நிற்காமல், அல்லது திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செல்ல முடியுமா என்று கேட்கிறது. ஒரு டபுள் டெக்கர் பஸ் ஏறக்குறைய 11 மீட்டர். ஐந்து பஸ் நீளம் நடந்து, நின்று, மறுபடியும் அதே தூரம் நடக்க முடியுமா என்று வீதியில் பார்த்துவிட்டு எழுதுங்கள்: "30 மீட்டரில் நின்றுவிடுவேன், 5 நிமிடம் இருக்க வேண்டும், அதன்பின் அன்று முழுவதும் நடக்க முடியாது, வாரத்தில் 5 நாள் இப்படி." கையால் தள்ளும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்த முடியும் என்று கருதினால் அதையும் கணக்கில் எடுப்பார்கள். தோள் வலி காரணமாக அதைத் தள்ள முடியாதென்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சுக்குச் சரியான பதில் தருவது உட்கார்தல்–நிற்றல் பகுதி. வீட்டில் மேசை போட்டாலும் அலுவலகத்தில் போட்டாலும் உடம்பு ஒன்றுதானே. பெரும்பாலான நேரம், உட்கார்ந்தோ நின்றோ மாறி மாறியோ, 30 நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் இருக்க முடியாவிட்டால் 9 புள்ளி. ஒரு மணி நேரத்துக்கு மேல் முடியாவிட்டால் 6 புள்ளி. 'வேலை செய்யும் திறன் குறைவு' என்ற முதல் படிக்கு மொத்தம் 15 புள்ளி வேண்டும், அவை பல பகுதிகளிலிருந்து சேரலாம். உடல்நலக் கூடுதல் தொகை இரண்டாவது படிக்குத்தான். அதற்குப் புள்ளிகளைக் கூட்டுவதில்லை. 50 மீட்டர் விதி போன்ற தனிப் பட்டியலில் ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும், அல்லது 'கணிசமான ஆபத்து' விதி பொருந்த வேண்டும்.

போரையும் சித்திரவதையையும் கடந்து வந்தவர்கள் கடைசியில் சொன்ன அந்த விதியை விட்டுவிடக் கூடாது. வேலை தொடர்பான கட்டாயங்களை விதித்தால் உயிருக்கோ மனநலத்துக்கோ பெரிய ஆபத்து வரும் என்றால், வேறெந்த அளவுகோலும் பொருந்தாவிட்டாலும் அது பாதுகாக்கும். தற்கொலை எண்ணம், இரவில் திரும்பி வரும் காட்சிகள், சீருடையைக் கண்டால் வரும் நடுக்கம் எல்லாவற்றையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். புகலிட வழக்குக்காக எடுத்த மருத்துவ–சட்ட அறிக்கை இருந்தால் அதன் பிரதியை இணையுங்கள். மூலப்பிரதியை ஒருபோதும் அனுப்ப வேண்டாம்.

மதிப்பீடு தொலைபேசியிலோ வீடியோவிலோ நேரிலோ நடக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். மகனையோ மகளையோ வைத்துச் சமாளிக்காதீர்கள், பிள்ளை முன்னால் சொல்ல முடியாதவைதான் பெரும்பாலும் முக்கியமானவை. "எப்படி இருக்கிறீங்கள்?" என்றால் "பரவாயில்லை, சுகமாய் இருக்கிறேன்" என்பது நம் வாயில் தானாக வரும் மரியாதைச் சொல். இங்கே அது அப்படியே குறிப்பில் ஏறும். "கோயிலுக்குப் போவீர்களா?" என்றால் வெறும் "ஓம்" போதாது. யார் காரில் ஏற்றிப் போகிறார், எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது, மறுநாள் எப்படிக் கிடந்தீர்கள் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

தீர்மானம் வரும்வரை வேர்க் கோச் (உங்கள் யுனிவர்சல் கிரெடிட்டைக் கவனிக்கும் வேலை அலுவலர்) வீட்டிலிருந்து செய்யும் வேலை தேடச் சொல்லலாம். கோபப்பட வேண்டாம், உங்கள் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் ஜேர்னலில் எழுத்தாகப் பதில் போடுங்கள்: எத்தனை நிமிடம் உட்கார முடியும், மருந்து எப்போது மயக்கும், ஆங்கிலத்தில் தொலைபேசி அழைப்புகளை எடுக்க முடியுமா, ஓர் அறைக்குள் எத்தனை பேர் வசிக்கிறீர்கள். தேடும் நேரத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேர்க் கோச்சுக்கு அதிகாரம் உண்டு. உண்மையிலேயே சில மணி நேரம் வேலை செய்ய முடிந்தவர்களுக்கு, வேலை கிடைத்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வு வேலைமுறை கேட்கும் உரிமை 2024 ஏப்ரல் 6 முதல் இருக்கிறது. நாற்காலி, மென்பொருள், உதவியாள் போன்றவற்றுக்கு 'அக்சஸ் டு வேர்க்' திட்டமும் உண்டு.

தீர்மானம் பிழையென்றால் ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை கேளுங்கள், மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள். அதுவும் மறுக்கப்பட்டால், அந்தக் கடிதத்தின் திகதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயம்.

பிப்பைத் தள்ளிப் போட வேண்டாம். வேலைத்திறன் மதிப்பீட்டை 2028இல் ஒழித்து, உடல்நலக் கூடுதல் தொகையைப் பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதியோடு கட்டுவதென்று 2025 மார்ச் 18 அன்று அரசு வெளியிட்ட ஆவணம் சொல்கிறது. பிப்புக்குப் பொதுவாகக் கடந்த 156 வாரத்தில் 104 வாரம் இந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து அல்லது மனிதாபிமானப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தினருக்கும் இந்த நிபந்தனை இல்லை. இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்லி யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், அந்த விலக்கைச் சொல்லியே விண்ணப்பியுங்கள். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்குப் பிப்புக்குப் பதிலாக 'அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட்'.