குயின் வீடியோல முகம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா போகுமே, அதை வீட்லயே எடுக்கறது எப்படி

குயின்ங்கற பிரிட்டிஷ் ராக் பேண்டோட பொஹீமியன் ராப்ஸடி பாட்டு வீடியோல ஓபரா பகுதி வரும்ல, அதுல 'மேக்னிஃபிகோ'ன்னு இழுக்கறப்போ பாடகர் ஃப்ரெடி மெர்குரி முகம் வால் மாதிரி நீண்டுகிட்டே போகும். இதை எடிட்டிங்ல பண்ணிருப்பாங்கன்னுதான் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். இல்லவே இல்ல. 1975 நவம்பர் 10, எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோ, டைரக்டர் புரூஸ் கவர்ஸ், மொத்த ஷூட்டிங்கும் சுமார் நாலு மணி நேரம், பத்தே நாள்ல டிவில வந்துடுச்சு. கேமராவை அது காட்டற மானிட்டர் பக்கமே திருப்பி வச்சு நேர்லயே எடுத்தது அது. எனக்கு இதுல அவ்ளோ மரியாதை.

ஸ்டெப் 1: டிவிக்கு நேரடியா படம் அனுப்பற ஹெச்டிஎம்ஐ அவுட் இருக்கற கேமரா, ரெண்டையும் இணைக்க கேபிள், டிவி, ட்ரைபாட், ஒரு டேபிள் லேம்ப், கருப்பு துணி. பெரிய டிவி வேணாம், 32 இன்ச்தான் என் சாய்ஸ், ஃப்ரேம் வைக்க ஈஸி. டிவில கேம் மோட் இருந்தா ஆன் பண்ணிடுங்க, படம் லேட்டாகறது குறையும்.

ஸ்டெப் 2: ரூமை இருட்டாக்குங்க. கேமரா டிவியைப் பாக்கணும், நடிக்கறவங்க ரெண்டுக்கும் நடுவுல, ஃப்ரேமோட ஒரு ஓரமா நிக்கணும். லேம்ப் பக்கவாட்டுல இருந்து முகத்துல மட்டும் விழணும், டிவி மேல பட்டா எல்லாம் வெளிறிடும். ஃப்ரேமை விட டிவி கொஞ்சம் சின்னதா தெரிஞ்சா முகம் சின்னதாகிட்டே போகும், பெருசா தெரிஞ்சா பெருசாகிட்டே வரும். டிவி விளிம்பை துணியால மூடிடுங்க, இல்லன்னா பெட்டிக்குள்ள பெட்டியாதான் தெரியும்.

ஸ்டெப் 3, இங்கதான் ரெண்டு ராத்திரி போச்சு எனக்கு. எக்ஸ்போஷர், அதாவது கேமரா எவ்ளோ வெளிச்சம் எடுக்குதுங்கறது. ஆட்டோல விட்டேன், தங்கச்சி வந்து நின்னா, நாலு முகம் அழகா வந்துச்சு, அடுத்த செகண்ட் டிவி முழுக்க வெள்ளை, அப்புறம் படக்குன்னு இருட்டு, திரும்ப வெள்ளை. மைக்கை ஸ்பீக்கர் கிட்ட கொண்டுபோனா 'கீ'ன்னு கத்துமே, அதேதான் இது, சத்தத்துக்கு பதிலா வெளிச்சம். ஒவ்வொரு சுத்துலயும் வெளிச்சம் கொஞ்சம் கூடினா வெள்ளையாகிடும், ரொம்ப குறைஞ்சா ரெண்டாவது முகமே வராது. அதனால கேமராவை முழு மேனுவல்ல போட்டு (ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 400ல ஆரம்பிங்க) லேம்ப் வெளிச்சத்துல நிஜ முகம் சரியா தெரியற மாதிரி செட் பண்ணிட்டு அதுக்கப்புறம் கேமராவைத் தொடவே தொடாதீங்க, டிவி பேக்லைட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. எனக்கு பாதிக்கும் கீழயே சரியா வந்துடுச்சு, அஞ்சாவது முகம் அப்படியே இருட்டுல கரைஞ்சு போச்சு பாருங்க, அந்த இடத்துல நிறுத்திடணும். ஒயிட் பேலன்சையும் (கேமரா நிறத்தை சரிபண்ற செட்டிங்) லாக் பண்ணுங்க, ஆட்டோல மூணாவது முகத்துக்கு மேல நீலமாகிடுது.

ஸ்டெப் 4: கேமராவை லேசா சாய்ச்சா வரிசை வளையும். ரெக்கார்டிங் போடுங்க, அவ்ளோதான்.

அதே வீடியோல தேன்கூடு மாதிரி ஒரே முகம் பல முகமா வர்றது வேற டெக்னிக், அது லென்ஸ் முன்னாடி பட்டை தீட்டின கண்ணாடி. கலைடாஸ்கோப் ஃபில்டர்னு ஆன்லைன்ல தேடுங்க கிடைக்கும். மொபைல் ஆப்ல வர்ற எஃபெக்ட் எனக்குப் பிடிக்கல, கண்ணாடில ஓரம் மங்கறது அதுல வராது.

அப்டேட்: டிவில பேட்டரி ஐகானும் சேர்ந்து வரிசையா ஓடுதுன்னு கமெண்ட்ல ரெண்டு பேர் சொல்லிருந்தீங்க. கேமரா மெனுல ஹெச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்ப்ளேன்னு ஒண்ணு இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. எல்லா மாடல்லயும் இருக்காது, வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

இன்னொரு அப்டேட்: போனை வயர்லெஸ்ஸா டிவிக்கு காஸ்ட் பண்ணி ட்ரை பண்ணவங்களுக்கு, படம் லேட்டா வர்றதால நீங்க தலையைத் திருப்பின அப்புறம்தான் பின்னாடி முகம் திரும்பும். அசையாம நின்னு பாடற ஷாட்டுக்கு ஓகே, இல்லன்னா கேபிள்தான்.