ஏசி எத்தனை டன்? டேப் எடுத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்க

"எதுக்கும் பெரிசா போட்டுடலாம்" என்று 100 சதுர அடி அறைக்கு 2 டன் ஏசி வாங்காதீர்கள். அறை சட்டென்று குளிர்ந்துவிடும், கம்ப்ரஸரும் சில நிமிடங்களில் நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. சென்னை மாதிரி கடலோர ஊரில், சில்லென்று இருந்தும் போர்வை பிசுபிசுக்கும்.

தோராயமாக 120 சதுர அடி வரை 1 டன், 180 வரை ஒன்றரை டன் போதும். (டன் என்பது எடையல்ல, மணிக்கு 12,000 பிடியூ வெப்பத்தை வெளியேற்றும் திறன். பிடியூ என்பது வெப்பத்தை அளக்கும் அலகு.)

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, மேற்கு பார்த்த ஜன்னல் என்றால் அரை டன் கூட்ட வேண்டியிருக்கும். அதற்கு முன், மாடித் தரையில் வெள்ளை கூலிங் பெயிண்ட் அடித்து, ஜன்னலுக்குக் கெட்டியான திரை போட்டுப் பாருங்கள்.